பன்னிரண்டு வார்டுக்கும் ஒரே குழாய்

ஏழாம் வார்டு பாட்டிலின் அடியில் ஒரு கறுப்பு. மிளகு அளவுதான். அவன் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. கறுப்பு உள்ளே இருந்தது.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் எடுப்பது அவன் வேலை. அங்கே அவன் பெயரும் சாம்பிள்தான். பன்னிரண்டு வார்டுக்கும் போய்த் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துத்தாள் போட்ட சின்னப் பாட்டில்களில் ஊற்றி, ஒரு நாள் சூட்டு அலமாரியில் வைக்க வேண்டும். சாக்கடை கலந்திருந்தால் தண்ணீர் கறுக்கும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். நான்கு வருடமாக அப்படியேதான் இருக்கிறது. ஏனென்றால் நான்கு வருடமாகப் பன்னிரண்டு பாட்டிலையும் அவன் தன் வீட்டுச் சமையலறையில் நின்று நிரப்புகிறான். வெயிலில் யார் அலைவது? மேல்நிலைத் தொட்டிக்கு அடுத்த தெருதான் வீடு, ஊருக்கே முதல் தண்ணீர் அங்கேதான் வரும். ஆக, நகரம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது, காகிதத்தில்.

"என்ன சாம்பிள், ஏழாம் வார்டுக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சிருக்கியா?" லேப் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பாட்டில் சரியா கழுவல போலக்கா."

"கழுவுறதும் நீதானே ராசா."

அவன் சிரித்தான். அலமாரியின் சூடு முகத்தில் அடித்தது, மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டையைச் செருமியது, எங்கிருந்தோ அழுகின முட்டை வாசனை மெல்ல எழுந்து, பினாயில் வாசனையைத் தள்ளிவிட்டு அறைக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டது. பதினோரு மணிக்கு இரண்டாம் வார்டு கறுத்தது. பிறகு ஒன்பதாம் வார்டு. பிறகு நான்காம் வார்டு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாம் பாட்டிலில் கறுப்பு அடியிலிருந்து புகைபோல ஏறி, கழுத்துவரை வந்து நின்றது.

பன்னிரண்டும். ஒரே கறுப்பு.

அக்கா இப்போது சிரிக்கவில்லை. "மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, எல்லாம் எப்படிப்பா ஒரே நேரத்துல கறுக்கும்? எந்தெந்தக் குழாய்ல புடிச்சேன்னு சொல்லு. இஞ்சினியருக்குப் போன் போடணும்." பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

அவன் கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, பாப்பாவுக்கு விடிஞ்சதுலேர்ந்து எட்டு தடவ போயிடுச்சு. வெறும் தண்ணியா போகுது. நீங்க பதறாதீங்க. உப்பு சர்க்கரை கரைச்சு விடாம குடுத்துக்கிட்டிருக்கேன்."

"காய்ச்சின தண்ணியா?"

"நம்ம வீட்டுத் தண்ணிய எதுக்குக் காய்ச்சணும்? மாசா மாசம் லேப்ல பாக்குற தண்ணின்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் பீத்திக்குவீங்க."

ஒரு வரி போதும். அந்தக் குழாய்த் தண்ணீரைக் கொடுக்காதே. அந்த வரி வாய்க்குள் தயாராக இருந்தது. எதிரே அக்கா பேனாவோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நேர்ல வந்து பாக்குறேன்" என்றான்.

படியிறங்கி வெளியே வந்ததும் கூப்பிட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. பேருந்தில் ஏறிக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. பயமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில். கடைகள். கையில் தண்ணீர் டம்ளரோடு ஒருவர். இன்னொருவர்.

வீட்டுப் படியெல்லாம் ஈரம். படிக்கு ஒரு குடம், குடத்துக்கு ஒரு ஆள். அவனைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"வாங்க தம்பி," என்றாள் கீழ்வீட்டு அம்மா. "எங்க பேரனுக்கும் ராத்திரிலேர்ந்து வயித்தால போகுது. எங்க குழாய நம்ப முடியல. உங்க தண்ணி டெஸ்ட் பண்ணதாமே? உங்க வீட்டுக்காரிதான் பாவம், எல்லாரும் புடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டா."

அவன் குடங்களைத் தாண்டி உள்ளே போனான்.

சமையலறையில் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. குடம் நிறையும் சத்தம். நிறைந்தது. அடுத்த குடம் இழுபடும் சத்தம்.

கட்டிலில் மனைவி. மடியில் பாப்பா. கண் பாதி திறந்திருந்தது. குழி விழுந்த கண். ஈ ஒன்று அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பாப்பா இமைக்கவில்லை.

"வந்துட்டீங்களா? அழுகைய நிறுத்திட்டா. இப்பதான் சமத்தா குடிக்கிறா, பாருங்க."

ஸ்பூன் உதட்டில் சாய்ந்தது. தண்ணீர் வாய் நிறைய நின்றது. அசையவில்லை. மெல்ல, கடைவாய் வழியே, கழுத்துக்கு வழிந்தது.

மனைவி முந்தானையால் துடைத்துவிட்டு, டம்ளரில் ஸ்பூனை மறுபடி முக்கினாள்.