றேமண்டின் கைரேகைக் கடிதம்

காலை 9.10. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த மாடி வீட்டுக்குள் சப் இன்ஸ்பெக்டர் ஷிஹான் நுழைந்தபோது, செத்துப்போனவரின் கடிதம் அவர் கைபேசியில் இருந்தது. இந்த மாதிரிக் கடிதங்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கட்டிலில் றேமண்ட், ஓய்வுபெற்ற துறைமுகக் கிளாக்கர். மகள் றேணுகா அவருடைய கைப் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணிக் கீலத்தால் சேர்த்துக் கட்டியிருந்தாள். துணியின் கரையில் ஒரு நீலக் கோடு. மின்விசிறிக் காற்றில் அதன் நுனி மட்டும் அசைந்துகொண்டேயிருந்தது. விரலில் இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சமிருப்பதுபோல் ஷிஹானுக்குத் தோன்றியது.

கடிதம் 7.42க்குப் பொலிஸ் மின்னஞ்சலுக்கு வந்த பி.டி.எஃப். இன்று வெள்ளி, கடிதத்தின் திகதியோ திங்கட்கிழமை. 'றேணுகா என் தேத்தண்ணியில் பூச்சிமருந்து கலக்கிறாள். நான் செத்தால் அவளைப் பிடியுங்கள்.' அச்சடித்த எழுத்து. கீழே ஊதா மையில் பெருவிரல் அடையாளம். பாரிசவாதம் வந்து கை விழுந்தபின் றேமண்டுக்கு அதுதான் கையெழுத்து.

தேத்தண்ணிக் கோப்பையில் பூச்சிமருந்து வாடை. போத்தல் றேணுகாவின் அலுமாரியில். அவள் கையில் விலங்கு மாட்ட வேறென்ன வேண்டும்?

வத்தளையிலிருந்து மகன் பீற்றர் நேற்றே வந்து தங்கியிருந்தான். அப்பா திங்களன்று விரல் பதித்துக் கொடுத்தாராம். அன்றே வத்தளையில் படமெடுத்து, இலவச இணையத்தளமொன்றில் பி.டி.எஃப். ஆக்கினானாம். தாள் தொலைந்துவிட்டதாம்.

"நான் செத்தா மட்டும் அனுப்பு எண்டவர், சேர். அனுப்பினனான்."

றேணுகா அழவில்லை. ஐந்தரைக்கு மூச்சு நின்றிருந்ததாம். விரல்களைக் கட்டிவிட்டு, ஃபாதரைக் கூட்டிவரக் கோயிலுக்குப் போனாளாம். திரும்பும்போது ஆறேகால்.

"அதுவரைக்கும் இங்க யாரு?"

"அண்ணன் மட்டும்தான்."

"கட்டின துணி?"

"என்ர லேஞ்சி, முகம் துடைக்கிறது. அப்பதான் கிழிச்சனான்."

9.50. கடிதத்தில் ஒரு சங்கதி ஷிஹானை உறுத்திக்கொண்டிருந்தது. இடப்பக்கம் தாராளமான வெற்றிடம். வலப்பக்கம் எழுத்தை உரசுகிற மாதிரி வெட்டு. பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தார். இலவசத் தளங்கள் சில ஓரத்தை வெட்டி எறிவதில்லை. மறைத்து மட்டும் வைக்கின்றன. பக்கத்தின் எல்லையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

முதலில் தாளின் விளிம்பு வந்தது. பிறகு அதே கட்டில் விரிப்பு. பிறகு, யாரும் கூப்பிடாமலே உள்ளே வருவதுபோல், சாம்பல் பூத்த ஒரு பெருவிரல். அதில் அவிழ்ந்து தொங்கியது நீலக்கரை போட்ட வெள்ளைத் துணி. ஷிஹான் ஒருதரம் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பீற்றர், திங்கக்கிழம வத்தளைல எடுத்த படத்துல, இண்டைக்குக் காலைல கிழிச்ச துணி எப்பிடி?"

பீற்றர் திரையைப் பார்த்தான்.

தங்கை கோயிலுக்குப் போன முக்கால் மணி நேரத்தில் அவன் கட்டை அவிழ்த்து, செத்த விரலை மையில் தோய்த்து, அவசரத்தில் அங்கேயே படமெடுத்துவிட்டு, மையைத் துடைத்து மறுபடி கட்டியிருக்கிறான்.

"கடிதத்த முன்கூட்டியே அச்சடிச்சுக் கொண்டு வந்திருக்கிறீங்க. கோப்பைல என்ன இருக்குமெண்டு ஊத்தினவனுக்குத்தான் முன்னமே தெரியும். தங்கச்சிட அலுமாரில போத்தல வச்சதும் நீங்கதான்."

வீட்டை விற்க அப்பா விடவில்லையென்று பீற்றர் முணுமுணுத்தான். கொன்ஸ்டபிள் அவனைக் கீழே கூட்டிப்போனார்.

றேணுகா மடிக்கணினியைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

"அப்ப, அப்பா என்னைப் பற்றி அப்பிடி எழுதேல்லயா, சேர்?"

"இல்ல தங்கச்சி. அவர் ஒண்டுமே எழுதேல்ல."

காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.