4800-ல் நின்ற ரேம்

"யோவ், கதவைத் திறய்யா! எங்க அண்ணனை லாக்கப்ல தள்ளிட்டு உள்ளே என்ன ஒளிஞ்சு விளையாட்டு?"

"உடைச்சுடாதீங்க... வாடகை வீடு!"

எதிர் வரிசையில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. காலை பத்து மணிக்கு இப்படியொரு சண்டை கிடைத்தால் யார் விடுவார்கள்?

கத்தியவள் கம்ப்யூட்டர் கடைக்காரரின் தங்கை. கடையில் ரிப்பேர் வேலை அவளுடையது. உள்ளே பம்மியவன், தெருவே 'ஸ்பீடு' என்று கூப்பிடும் ஆசாமி. கம்ப்யூட்டரில் மாட்டும் ரேம் சொன்ன வேகத்தில் ஓடுகிறதா என்று சோதித்து வீடியோ போடுவது அவன் பிழைப்பு. வேகப் பைத்தியங்கள் ஒரு லட்சம் பேருக்கு அவன் வாக்கே தீர்ப்பு!

முந்தாநாள், அந்தக் கடை அனுப்பிய ஒரு ஜோடி ரேமுக்குத் தீர்ப்பு இது: "அட்டையில வேகம் 6400. ஓடுறது 4800. போலி!"

நேற்று கடைக்கு சீல். கடைக்காரர் லாக்கப்பில்!

கதவு திறந்தது.

"போலியைப் போலின்னு சொல்றது என் கடமைங்க!"

"அந்த ஜோடியை நானே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினேன். 6400 அலுங்காம ஓடுச்சு!"

"என் டேபிள்ல ஓடலையே!"

"ப்ரொஃபைலை ஆன் பண்ணினீங்களா?"

வேகமான ரேம் எதுவும் மாட்டியவுடன் ஓடாது. நிதானமாக நடக்கும். செட்டிங்கில் அதன் ப்ரொஃபைலை ஆன் செய்தால்தான் ஓட்டம். எல்கேஜி பாடம்.

"யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க? பத்து வருஷ சர்வீஸ்! இந்த மெஷின்ல அது எப்பவும் ஆன்தான்!"

"காட்டுங்க."

காட்டினான்.

ஆஃப்!

ஸ்பீடுக்கு அப்போதுதான் உறைத்தது... போன வாரம் வேறொரு ரேமில் மெஷின் உயிர் பெறவில்லை. போர்டிலிருந்த காசு அளவு பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தான். செட்டிங் மொத்தமும் துடைத்துக்கொண்டு போயிருந்தது.

ஆன் செய்தான்.

6400! பிசிறில்லாமல்!

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிரபராதி... லாக்கப் தரையில்... இவன் மறதியால்!

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அவள்.

சொன்னால் பேர் போகும், பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால்?

"வாங்க... ஸ்டேஷனுக்குப் போகலாம்."

இன்ஸ்பெக்டர் எழுந்து கை கொடுத்தார்.

"வாங்க சார்! உங்களைத்தான் பேசிட்டிருந்தோம்!"

"சார்... தப்பு நடந்துபோச்சு. அந்த ரேம் ஒரிஜினல். நான்தான் செட்டிங்கை ஆன் பண்ண மறந்துட்டேன். அவரை விட்டுடுங்க... என்னை உள்ளே போடுங்க!"

இன்ஸ்பெக்டர் அவசரமாக அறைக் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க சார், கெடுத்துடாதீங்க! கடையில பிடிச்ச இருநூறு டப்பாவும் போலி. பழைய சிப், புது ஸ்டிக்கர்!"

"என்ன?" என்றாள் தங்கை.

"உங்க அண்ணன் ஒரே ஒரு நல்ல ஜோடியைப் பொறுக்கி இவருக்கு அனுப்பியிருக்கார். 'நானே ஒரிஜினல்னு நம்பினதைக்கூட போலின்னு கண்டுபிடிச்சவன் கண்ணுல இனி எதை மறைக்கிறது'ன்னு ஒத்துக்கிட்டு, ஸ்டிக்கர் ஒட்டற கும்பலைக் காட்டிக் கொடுத்துட்டிருக்கார். இவர் சொன்னது காதுல விழுந்தா வாயை மூடிக்குவார்!"

அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மத்த டப்பாவைப் பிரிச்சா சீல் போயிடும்னு என்னைத் தொடவே விட மாட்டான்... அந்த ஜோடியை பேக் பண்ணினவளே நான்தான் சார்!"

ஸ்பீடு தலையைக் குனிந்துகொண்டான். குற்றவாளியைப் பிடித்தவனுக்கு இப்படியொரு குற்ற முகமா என்று கான்ஸ்டபிள்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அதன்பின் அவன் வீடியோ போடவில்லை. சீல் பிரித்த கடையில் அவள் பக்கத்திலேயே ரிப்பேருக்கு உட்கார்ந்தான். மறு வருஷம் கல்யாணம். ஜன்னல்கள் மூன்றுக்கும் முன்னாலேயே தெரியும்!

அண்ணன் தண்டனை முடிந்து வேறு ஊருக்குப் போய் குடை விற்கிறார். ஞாயிறு தவறாமல் போன் வரும்.

"மாப்ளே, அன்னிக்கு எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

"அது... தொழில் ரகசியம் மச்சான்."

போனை வைத்தபோது சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

"என்ன ஃபேன் இது, போலி! சுத்தவே மாட்டேங்குது!" என்று எரிந்து விழுந்தான்.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்:

"ஆன் பண்ணினீங்களா?"