விலாசத்துக்கு வந்து சேர்ந்தவர்

அக்கா சங்கிலியைக் கழற்றாமல் இரண்டு விரல் அகலத்துக்குக் கதவைத் திறந்தாள். ஒரு கண் மட்டும் தெரிந்தது. தேர்வுக்குப் படிக்க வந்திருக்கும் சொந்தத் தம்பியான என்னை அந்தக் கண் மேலும் கீழும் சோதனை போட்டது.

"உன் பின்னாடி யாராவது வந்தாங்களாடா?"

"என் பின்னாடி வர்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லக்கா."

சங்கிலி விலகியது.

அவளைக் குறை சொல்ல முடியாது. விவாகரத்து முடிந்து வருடங்கள் ஆகியும் மாஜி மாமா இந்த விலாசத்தை விடவில்லை. ஆள் எங்கோ இருந்தார். அவருடைய பைக், செல்போன் இணைப்புகள், பெயர்ப்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கம்பெனி எல்லாமே, அக்கா சொந்தச் சம்பளத்தில் வாங்கிய இந்த வீட்டின் விலாசத்தில்தான் பதிவாகியிருந்தன. அவரைத் தேடிக்கொண்டு யாராவது வந்தபடியே இருந்தார்கள். அக்கா போலீசில் புகார் கொடுத்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் முதல் கேள்வியாக, "சார் இருக்காரா?" என்றார்.

கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகிறவர்களை உள்ளே அழைத்து வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவாள். அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடி. "ஆம்பளச் சட்டை ஒண்ணு எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்று சவால் விடுவாள். இல்லாத ஒருவரைக் காட்டும் சுற்றுலா. டிக்கெட் மட்டும்தான் கிழிக்கவில்லை.

அன்று மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் போனது. மழை வரவில்லை, இருந்த காற்றும் நின்றுபோனது. அந்த நிசப்தத்தில் ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. அதன் பின்கதவின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநருக்கு முன்னால் பினாயில் வாசனை படியேறியது. பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது.

ஓட்டுநர் மாமாவின் பெயரைச் சொன்னார். "மாரடைப்பும்மா. அவர் கார்டுல இந்த அட்ரஸ்தான் இருக்கு. பாடிய எறக்கிடலாமா?"

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அவர் இங்க இல்ல."

"அவர் இப்ப எங்கயுமே இல்லம்மா. ஆனா எங்கயாச்சும் எறக்கணுமே."

"செத்தும் என் வீடுதான் கேக்குதா அவனுக்கு? உள்ள வாங்க. நீங்களே பாத்துக்கோங்க."

உதவியாளை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் உள்ளே வந்தார். செல்போன் வெளிச்சத்தில் சுற்றுலா தொடங்கியது. முன்னால் அக்கா, நடுவில் ஓட்டுநர். வரிசையில் கடைசி ஆள் நான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறை தாண்டும்போது என் பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. மின்விசிறி ஓடவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளறையில் கட்டிலுக்கு அடிவரை குனிந்து பார்த்த ஓட்டுநர், "சரிம்மா, ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோயிடறேன்" என்று முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அக்கா அவரை வாசல்வரை வழியனுப்பினாள். ஜெயித்த முகம்.

வண்டியிலிருந்து உதவியாள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, உங்க கூடப் போனவரு எங்க?"

"இதோ நிக்கிறாரே தம்பி."

"இவரில்லண்ணே. இவருக்குப் பின்னாடி போனாரே. செருப்புகூட இல்லாம."

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தார். வேனின் பின்கதவைப் பார்த்தார், அதைத் திறக்கவில்லை. ஏறினார். பிணவண்டியில் போகிறவருக்கு அவசரமே கிடையாது என்பார்கள். ஓட்டுகிறவருக்கு இருந்தது.

வீட்டுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

உள்ளறைக் கதவு.

நிதானமாக, உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். "வெளிய வாடா! இது என் வீடு!"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, ஒரு ஆள் சலிப்போடு புரண்டு படுக்கும் அளவுக்கு.

"அக்கா, வா, போயிடலாம்" என்றேன் ரகசியமாக.

"நான் எதுக்குடா போகணும்? அவன் போகட்டும்."

விடியும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பினாயில் வாசனை கலைந்துவிட்டது. மற்றது கலையவில்லை.

காலையில் அழைப்புமணி அடித்தது. செல்போன் கம்பெனியிலிருந்து ஒரு பெண், தோளில் பையோடு நின்றாள். மாமா போன வாரம் புது இணைப்பு கேட்டிருந்தாராம். விலாசம் சரிபார்க்க வந்திருக்கிறாள்.

"அவர் செத்துட்டார்" என்றாள் அக்கா.

"எல்லா வீட்லயும் இதத்தான் மேடம் சொல்றாங்க."

"நேத்து வண்டியே வந்துச்சும்மா!"

"கோச்சுக்காதீங்க. சிம்பிள். அவர் நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பறேன். ஆள் இருந்தா சொல்லட்டும். இல்லன்னா இந்த அட்ரஸையே கேன்சல் பண்ணிடறேன். அப்புறம் எங்க கம்பெனியிலேருந்து யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க."

இத்தனை நாளில் 'கேன்சல்' என்று ஒருவரும் சொன்னதில்லை. அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அனுப்பும்மா. சீக்கிரம் அனுப்பு."

அந்தப் பெண் திரையைத் தொட்டாள்.

தாழிட்ட அறைக்குள் ஒரு போன் சிணுங்கியது.

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால்கள் தரையில் ஊன்றின. கதவுவரை நடந்து வந்தன.

பிறகு, தொண்டையில் தண்ணீர் தேங்கிய குரல் ஒன்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது.

அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். முகம் மலர்ந்தது. "கரெக்ட். தேங்க்ஸ் சார்!" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். எங்களைப் பார்த்தபோது அந்த மலர்ச்சி இல்லை. "ஆள உள்ள வெச்சுக்கிட்டே செத்துட்டார்னு சொல்றீங்களே மேடம். ச்சே."

படியிறங்கிப் போய்விட்டாள்.

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசற்கதவை ஓங்கி அறைந்து சாத்தக் கையை வீசினாள்.

"மெதுவா சாத்து" என்றது உள்ளேயிருந்து.

அக்கா மெதுவாகச் சாத்தினாள்.