தூரத்து ஆஸ்பத்திரி

"எதிர்த்தாப்புல ஆஸ்பத்திரி... அதுல மாமியாரே வேலை பாக்குறா... ஆனா மகாராணிக்கு ரெண்டு பஸ் மாறித் தூரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்! கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிட்டாள் மாமியார். பிரசவ வார்டில் ஆயா வேலை பார்த்தே தலை நரைத்தவள். நிறைமாத மருமகள் பாத்திரம் துலக்கினாள். வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிய மகன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயாவது வாயத் தொறயேன்டா, ஊமைக்கோட்டான்!"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கருவுற்ற புதிதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மருமகளுக்கு எச்.ஐ.வி. என்று வந்தது. அவனுக்கும் இருந்தது, கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம். "அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடும்..." என்று அவன் அழுததால், அவள் எல்லா ஏச்சையும் தானே வாங்கிக்கொண்டாள். ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கினாள். ஒழுங்காகச் சாப்பிட்டால் குழந்தைக்கு அநேகமாக வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குப் பிடிமானம்.

அன்று மதியமே பனிக்குடம் உடைந்தது. மகன் பட்டறையிலிருந்து ஓடி வந்தான். மாமியார் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அங்க வேண்டாம் அத்தை... செத்தாலும் அங்க வரமாட்டேன்!"

"ஏன்டி, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"அந்த வியாதிக்காரி வந்தா ஒருத்தரும் தொடமாட்டோம், கடைசிக் கட்டிலுக்குத் தள்ளிடுவோம்னு நீங்கதானே சொல்லிச் சிரிச்சீங்க... எனக்கும் அதுதான் அத்தை!"

மாமியாரின் பிடி நழுவியது. "அடிப்பாவி... யாருகிட்ட வாங்கின?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போதும் சொல்லவில்லை.

"என்கிட்டேருந்தும்மா," என்றான் மகன். "அவமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்..."

மாமியார் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "உன்னை அப்புறம் வச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, நழுவிய கையை மறுபடி இறுகப் பிடித்தாள். "எழுந்திரும்மா. நான் இருக்கேன்."

வார்டில் விஷயம் தெரிந்ததும் சின்ன நர்ஸ் இரண்டடி பின்வாங்கினாள். "கடைசிக் கட்டிலுக்குப் போகட்டும் ஆயாம்மா..."

"என் மருமக இங்கதான் படுப்பா. எல்லாருக்கும் போடுற கையுறைதானே? போட்டுக்கிட்டு வா!"

"போன மாசம் ஒருத்தியை நீங்கதானே தள்ளச் சொன்னீங்க?"

"ஆமா... நான்தான் சொன்னேன்." மாமியாரின் குரல் உடைந்தது. "அது பாவம்னு இப்பதான் உறைக்குது. வாம்மா, வலியில துடிக்கிறா!"

நர்ஸ் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. கிருமி தொற்றாமல் இருக்கக் குழந்தைக்கு உடனே மருந்தும் கொடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்துக் குழந்தையின் முதல் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. இன்னும் சில முறை பார்க்க வேண்டும், ஆனாலும் நல்ல சேதிதான் என்றார் டாக்டர். மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "என்னை மன்னிச்சுடும்மா..."

மருமகளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "நான் உங்க மருமக அத்தை, எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டீங்க. அன்னைக்குக் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளினவகிட்ட...?"

மாமியார் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நாளைக்குப் புள்ளைக்குத் தடுப்பூசி போட வருவா," என்றாள். "முகம் நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"நானும் கூட வர்றேன் அத்தை," என்றாள் மருமகள்.