ஒரு மணிச் சங்கு

"நளினி, ரெண்டாவது சங்கு ஊதியாச்சு. டிரம்மை மூடிட்டு வாடி."

மகளிடம் வசந்தகுமாரி கடைசியாகச் சொன்னது அதுதான். அடுப்பில் சூரை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். பிடித்து வைத்த நீல டிரம் கொல்லைப் படியருகே திறந்து கிடந்தது. காட்டை ஒட்டிய குவாரியில் தினமும் ஒரு மணிக்கு மூன்று முறை சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். வெடித்ததும் கல்தூசி பறந்து வந்து தண்ணீரில் ஏடாகப் படியும். இரண்டாவது சங்குக்கு டிரம்மை மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவது அந்த வீட்டு வழக்கம்.

"அவன்கூட டைமுக்கு வெடி வெக்கிறான். உன் சோறுதான் டைமுக்கு வராது," என்று சிரித்துக்கொண்டே நளினி போனாள்.

தகர மூடி உரசி விழுந்த சத்தம் கேட்டது. "அம்மா, மூடிட்டேன்" என்ற குரலும் கேட்டது. அன்று மூன்றாவது சங்கு ஊதவேயில்லை; அதற்கு முன்பே வெடித்தது.

மாங்காய் அளவுக் கல் ஒன்று பறந்து வந்திருந்தது. வசந்தகுமாரி ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் படியில் கிடந்தாள். டிரம் ஒழுங்காக மூடியிருந்தது.

படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று குவாரிக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மகளின் உடலோடு வசந்தகுமாரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் அந்தக் கல்லை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஹரிஹரன் வந்தான். குவாரியின் குத்தகையை நீட்டிக்கும் முன் வீடுகளுக்கும் காட்டுக்கும் என்ன பாதிப்பு என்று அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். இந்தத் தீவுக்குப் புதிதாக வந்த மெயின்லேண்டுக்காரன், டவுன் பக்கம் டாலிகஞ்சில் அறை எடுத்திருந்தான். தூசி பிடிக்கும் இயந்திரத்தையும் சத்தம் அளக்கும் மீட்டரையும் கொல்லையில் நிறுத்தினான்.

"வீட்டுல எத்தனை பேரு, அக்கா?"

"எட்டு மாசம் முன்னாடி ரெண்டு பேரு."

அவன் ஒன்று என்று எழுதினான்.

"தம்பி, கல்லு இங்க வரைக்கும் பறந்து வருதுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. எம் பொண்ணு வழுக்கி விழலைன்னு ஏதாவது ஒரு காகிதத்துல இருக்கணும்."

"மெஷின் காட்டினா எழுதிடலாம்கா."

"மெஷின் எங்கருந்து காட்டும்? நீங்க அளக்குற மூணு நாளும் காம் பந்த், வெடி கிடையாதுன்னு நேத்தே சொல்லி அனுப்பிட்டாங்களே."

அவன் தலையைச் சொறிந்தான்.

மூன்றாம் நாள் பகலில் வந்தவன், மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ரெண்டு நாளும் சரியா ஒரு மணிக்குப் பெரிய சத்தம் பதிவாகியிருக்கு. பாத்திரம் ஏதும் போட்டீங்களா?"

"நான் ஸ்கூல்ல சமைச்சுக்கிட்டிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு."

சொல்லும்போதே அவள் டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் திறந்து போட்டுப்போகும் டிரம், சாயங்காலம் மூடியிருக்கும். அக்கம்பக்கத்தில் யாரோ செய்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அன்று அவளுக்கு லீவு. இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். வெளியே உச்சி வெயில். காட்டுப் பக்கமிருந்து சிள்வண்டுகளின் இரைச்சல் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. டிரம் திறந்திருந்தது.

சிள்வண்டுகள் நின்றன.

ஒன்றிரண்டாக அல்ல, எல்லாம் ஒரே நொடியில். ஈர இலை வாசனை போய், வெடிமருந்து கருகிய நெடி மூக்கில் ஏறியது. சங்கு ஊதவில்லை. குவாரியில் ஆளே இல்லை.

படியில் செருப்புச் சத்தம்.

"வெளிய யாரு, அக்கா?" ஹரிஹரன் கிசுகிசுத்தான்.

தகரம் டிரம்மின் விளிம்பில் மெல்ல உரசியது.

விழுந்தது.

அவள் எழுந்து ஓடினாள். கொல்லையில் யாருமில்லை. டிரம் மூடியிருந்தது. மூன்று நாளாக வெடிக்காத குவாரியின் தூசி, மூடியின்மேல் சாம்பல்போல் அப்போதுதான் படிந்திருந்தது. தொட்டால் சுட்டது. அதன் நடுவே ஐந்து விரல்களின் தடம்.

ஹரிஹரன் அதைப் பார்த்தான். இயந்திரங்களைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினான்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. அந்த வீட்டுக்குப் பாதிப்பு இல்லை. ஒரு மணி அளவீடுகள் மூன்றும் 'வீட்டுச் சத்தம்' என்று நீக்கப்பட்டிருந்தன. அவள் போன் செய்தாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களே, தம்பி."

"ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்லக்கா."

"கல்லுக்குமா இடம் இல்ல?"

போன் வைக்கப்பட்டது.

குத்தகை நீட்டிக்கப்பட்டது. ஒரு மணிச் சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது. வசந்தகுமாரி பள்ளிச் சமையல் வேலையை விட்டாள். இனி அவள்தான் டிரம்மை மூட வேண்டும். மகள் மறுபடி மறுபடி அந்தப் படிக்கு வரக் கூடாது.

முதல் சங்குக்கே ஓடினாள். மூடியிருந்தது.

மறுநாள் சங்குக்கு முன்பே போய், மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரம்மருகே நின்றாள். சங்கு ஊதியது. குவாரிப் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கை காலியாக இருந்தது; மூடி டிரம்மின்மேல் இருந்தது.

"விடுடி," என்றாள், அன்று சொல்லியிருக்க வேண்டியதை. "தூசி விழுந்தா விழட்டும். நீ உள்ள போ."

இரண்டாவது சங்கு ஊதியது. மூன்றாவதும் ஊதியது. வெடித்தது. வாழை இலைகளும் படியும் அவள் தலைமுடியும் வெளுத்தன.

தூசி அடங்கியபோதும் டிரம் மூடியேதான் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது.