அயனி மரத்தடியில் வள்ளம்

துருத்தின் கடவுத் துறையில் தான் நிறுத்திவிட்டுப் போன வள்ளம் அக்கரை அயனி மரத்தடியில் நிற்பதைப் பார்த்ததும், ஜெஸ்னாவுக்கு முதலில் சித்தப்பா மகன் ஷாஜிமேல்தான் கோபம் வந்தது.

நெய்யாற்றின் நடுவே தீவாகக் கிடக்கும் அந்தத் துருத்துக்குத் துடுப்பு தேவைப்பட்டதில்லை. வள்ளத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு கயிறு; ஒன்று துருத்தின் கல்தூணில், மற்றது அயனி மரத்தில். வேண்டியவர் தம் பக்கத்துக் கயிற்றை இழுத்தால் மற்றது தண்ணீருக்குள் நீண்டு கொடுக்கும், வள்ளம் வந்துவிடும். அதனால் வள்ளம் நிற்கும் இடத்தை வைத்தே, கடைசியாகக் கடந்தவர் எந்தக் கரையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அவளுடைய ஆறாவது வயதில், ஒரு பெருவெள்ளத்துக்கு மறுநாள், ஊரும் அப்படித்தான் சொன்னது. அப்பா ரெத்தினதாஸ் சாயங்காலமே சண்டை போட்டு அக்கரைக்குப் போயிருந்தார். தம்பி ஜினு காய்ச்சலில் அனத்தினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளத்தை இழுத்து வருகிறேன் என்று அம்மா சுகிர்தபாய் மழையில் இறங்கினாள். தென்னங்கயிறு தூணில் உரசும் சத்தம் இரவெல்லாம் கேட்டது. கிர்ர். கிர்ர். விடியும்போது சத்தமும் இல்லை, ஜினுவுக்கு மூச்சும் இல்லை, அம்மாவும் இல்லை. வள்ளம் அயனியடியில் நின்றது.

"பிள்ளையள விட்டுட்டு அக்கரை ஏறி ஓடிட்டா" என்றார் அப்பா. வள்ளமே சாட்சியாகிவிட்டது.

உயிரோடிருந்தவரை அவர் ஜெஸ்னாவைத் துருத்தில் கால்வைக்க விட்டதில்லை. அவரை அடக்கம் செய்து ஒரு வாரத்தில் வந்துவிட்டாள். அம்மா தன்னை விட்டுத்தான் போனாளா? அது ஒன்றே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இன்று மத்தியானம் வள்ளம் ஏறும் முன், அயனியின் பட்டை உதடுபோல வீங்கி ஒரு பழைய கயிற்றை விழுங்கியிருந்ததைக் கண்டாள். மரம் பருக்கும்போது அவிழ்க்காத கயிற்றை உள்ளே வாங்கி மூடிக்கொள்ளும். முடிச்சும் அறுத்த நுனியும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வள்ளத்த மரத்தோட சேத்துக் கெட்டினதாக்கும் அக்கா" என்றான் துருத்துத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஷாஜி. "இப்பிடி கெட்டிப்போட்டா துருத்துல நின்னு ஆனை இழுத்தாலும் வராது. கோவம் வந்தா பெரியப்பா செய்யுற வேலை." பிறகு சிரித்தான். "பயப்படாதீங்க, ஒங்கள நான் கெட்டிப்போட மாட்டேன்."

பாழடைந்த வீட்டில், கரையான் புற்று ஏறிய கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. இழுக்க இழுக்கத்தான் முடிச்சு இறுகும். இரவெல்லாம் இழுத்திருந்தால், அவிழ்க்கவே முடியாது. அறுக்கத்தான் வேண்டும்.

அம்மா கடக்கவே இல்லை; வெள்ளம்தான் கொண்டுபோயிருக்கிறது.

இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஷாஜிக்குப் போன் போட்டாள்.

"எலே, வள்ளத்த ஏன் இழுத்த?"

"நானா? நான் வெள்ளறடையில ரப்பர் ஷீட்டு போட வந்திருக்கேன் அக்கா."

"அக்கரையில நிக்குதுடா."

"அங்க ஆரும் கெடையாதே… நீங்க இழுங்க. நான் இப்பம் வாறேன்."

இழுத்தாள். கயிறு விறைத்தது. வள்ளம் வரவில்லை. ஆற்றுக் காற்றில் சேற்று வாடையோடு பீடி வாசம் வந்தது. அப்பாவின் பீடி. அயனியடியில் வெள்ளையாக ஏதோ குனிந்திருந்தது. சவப்பெட்டிக்குள் வைக்கும்போது உடுத்திவிட்ட அதே வேட்டி. நிதானமாக எதையோ கட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது.

கிர்ர்.

இப்போதிருப்பது நைலான் கயிறு. அது இப்படி உரசாது.

கிர்ர்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

அவள் கைகளுக்கு முன்னால், கயிற்றில், இன்னும் இரண்டு கைகள். நீர் சொட்டியது. தோல் உரிந்து, தென்னைநார் சதையோடு ஒட்டிப்போயிருந்தது.

"அம்மா…"

கைகள் திரும்பவில்லை. பின்னால், இருண்ட வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அனத்தியது.

கைகள் இன்னும் வேகமாக இழுத்தன.