பின்னறையின் நீளம்

அட்டுவம்பட்டியில் அம்மாவும் நானும் காவல் பார்க்கும் பழைய பங்களாவுக்கு மேனகா அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கோயம்புத்தூரில் இன்டீரியர் டிசைன் மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. பங்களாவை விடுதியாக மாற்றுவதற்கு வரைபடம் போடுவதுதான் அவளுடைய ஆய்வு.

சுவரோடு ஒரு சின்னக் கருவியை வைத்து அமுக்குவாள். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும். நீளம் திரையில் வரும். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

"கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே. ஏன் ஸ்கூலை விட்டே?" என்று கேட்டாள். நான் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் பின்னறை மட்டும் மிச்சம்.

"அது வேணாங்க்கா."

"ஒரு ரூமை விட்டாலும் பிளான் செல்லாது சத்யா. திங்கக்கிழமை ரிவ்யூ. ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். மறுபடியும்னா வீட்ல படிப்பை நிறுத்திருவாங்க."

படிப்பு நின்றுபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அறையை அம்மா வாரம் ஒருமுறை பெருக்குவாள். உள்ளே பார்த்தபடியே, பின்னால் அடிவைத்து வாசலுக்கு வருவாள். ஒருபோதும் முதுகைக் காட்டமாட்டாள். கேட்டால், "அது அப்படித்தான்டி" என்பாள். சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

அன்று ஆணியில் தொங்கியது.

கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளியின் வாடை. நான் வாசலோடு நின்றுவிட்டேன். அக்கா கதவோரச் சுவரில் கருவியை வைத்து அமுக்கினாள்.

"பதினாலு அடி."

எழுதினேன். சரிபார்க்க மறுபடி அமுக்கினாள்.

"ஒம்போது."

எதிர்ச்சுவரில் புள்ளி இல்லை. அறையின் நடுவில், காற்றில் நின்றது.

"மிஸ்ட் உள்ள வந்துருச்சு போல."

ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"ஆறு."

"அக்கா..."

"மூணு."

அவள் காதோரத்து முடி அசைந்தது.

"மெஷின் சொதப்புது. பதினாலுன்னே இருக்கட்டும்" என்று சிரித்தபடி திரும்பினாள்.

திரும்பாம, பின்னால அடிவச்சே வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவள், கேலி செய்வாள் என்று வாய் எழவில்லை. அறைக்கு முதுகைக் காட்டி வெளியே வந்தாள். என்னைக் கடந்தபோது ஈரக் கம்பளி வாடையும் அவளோடு கடந்தது.

சாயங்காலம் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிப் போனாள். இரவு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்படிடி வெளிய வந்தா?"

"முதுகைக் காட்டித்தான் அக்கா நடந்து வந்துச்சு."

அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் வெள்ளனே போனில் அக்காவின் செய்தி கிடந்தது.

'சத்யா, என் ஹாஸ்டல் ரூம் பத்தடி. மெஷின் நாலுன்னு காட்டுது. அங்க மெஷின் எங்கயாவது கீழ விழுந்துச்சா?'

அதற்குக் கீழே இன்னொன்று.

'ரெண்டு.'

'திரும்பாதீங்க அக்கா' என்று அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்தும் அதே ஒற்றை டிக்.

அம்மாவைத் தேடி ஓடினேன். பின்னறைக் கதவும் ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. உள்ளே நல்ல வெயில். கம்பளி வாடை இல்லை. அம்மா அறைக்கு முதுகைக் காட்டி, நிதானமாகக் குனிந்து வாசற்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்த ரூமை நீயே பெருக்கலாம்டி" என்றாள், நிமிராமலே. "பயமில்ல."